ப்ளஸ் டூ சமயத்துல பெரிய நோய் வந்துட்டா காலேஜ் சீட் போயிடுமா?

தம்பி, நீங்க எழுதினதை முதல்ல சுருக்கிப் போட்டுடறேன், இதே நிலைமைல இருக்கற வேற யாராவது படிச்சாலும் புரியணும். தங்கச்சி தாராபுரம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளில படிக்கறா, பத்தாவதுல 462, பயோ-மேக்ஸ் குரூப். போன வருஷம் ப்ளஸ் ஒன் படிக்கறப்போ ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல்.னு தெரிஞ்சு கோவைல வச்சுப் பாத்தீங்க, ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வுல மூணு பேப்பர் எழுத முடியலை. இப்ப கடுமையான கீமோ முடிஞ்சு மாத்திரைக் கட்டத்துல இருக்கா, ப்ளஸ் டூ வந்துட்டா, ஆனா ஜூன்ல இருந்து பாதி நாள்தான் ஸ்கூலுக்குப் போயிருக்கா. "இப்படி ஒரு நோய் வந்த பொண்ண நல்ல காலேஜ்ல சேத்துப்பாங்களா, இதை மறைக்கணுமா, வருஷம் ஒண்ணு போனா எதிர்காலம் போயிடுமா"னு கேக்கறீங்க. மூணு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான் இருக்குன்னு நினைக்கறேன். வர்ற மார்ச்ல அவளை எழுத வைக்கறதா வேண்டாமாங்கறதுதான் அது. வீட்டுல அதை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டீங்க.

நான் டாக்டர் இல்லை. அரசுப் பள்ளில இயற்பியல் ஆசிரியர், அப்புறம் தலைமையாசிரியர், பொதுத்தேர்வு மையத்துல முதன்மைக் கண்காணிப்பாளரா பல வருஷம் உக்காந்திருக்கேன், ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் கவுன்சலிங் சமயத்துல பசங்களுக்கு ஃபார்ம் போட்டுக் குடுத்துட்டுதான் இருக்கேன். அதனால நோய் பத்திச் சொல்றது எல்லாம் பக்கத்துல இருந்து பாத்தது, பரீட்சை பத்திச் சொல்றதுதான் என் தொழில், இதை மனசுல வச்சுட்டுப் படிங்க.

உறுதியாத் தெரிஞ்சதுல இருந்து ஆரம்பிக்கறேன். நம்ம ஊர் அட்மிஷன்ல உங்க தங்கச்சியோட நோய் யார் கண்ணுக்கும் படாது. இன்ஜினியரிங் கவுன்சலிங்னா கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்கு கட்ஆஃப், அதை வச்சு கம்ப்யூட்டர் ரேங்க் போடும், அவ்வளவுதான். அரசு கலை அறிவியல் கல்லூரில மொழிப்பாடம் ரெண்டையும் விட்டுட்டு மத்த நாலு பாடத்தோட 400க்குப் பாப்பாங்க. நர்ஸிங், பாராமெடிக்கல்னா உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க். அமெரிக்காவுல மாதிரி "எனக்கு இப்படி ஆச்சு, ஆனாலும் மீண்டு வந்தேன்"னு கட்டுரை எழுதற இடம் இந்த விண்ணப்பங்கள்ல எங்கயும் கிடையாது, அசோகா மாதிரி ஒரு சில தனியார் பல்கலைக்கழகங்கள்லதான் கட்டுரை, இன்டர்வியூனு அந்த வழக்கம் இருக்கு. அதனால யாராச்சும் நோயைக் காரணம் காட்டி ஒதுக்கிடுவாங்களோங்கற பயத்தை விட்டுடுங்க. ஆனா இதோட மறுபக்கத்தையும் சொல்லணும், பாவம் கீமோவுக்கு நடுவுல எழுதினாளேனு ஒரு மார்க் கூட யாரும் சேத்துக் குடுக்க மாட்டாங்க, மெடிக்கல் ரெக்கார்டை ஃபைல் ஃபைலாத் தூக்கிட்டுப் போய்க் காட்டினாலும் சரி. மார்க் ஷீட்ல 71னு இருந்தா 71தான்.

இந்த இடத்துலதான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஸ்டேட் போர்டுல முன்னாடி இம்ப்ரூவ்மென்ட்னு ஒண்ணு இருந்துச்சு, மார்க் பத்தலைன்னா அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்கலாம், நுழைவுத் தேர்வை எடுத்த காலத்துலயே அதையும் எடுத்துட்டாங்க. இப்ப ஒரு பாடத்துல பாஸ் ஆயிட்டா அந்த மார்க் உங்க மார்க், ஆயுசுக்கும். ஃபெயில் ஆனாலோ பரீட்சைக்கே வரலைன்னாலோதான் மறுபடி எழுத முடியும். அதாவது உடம்பு முடியாம போய் உக்காந்து எழுதி 60, 65னு எடுத்துப் பாஸ் பண்றது, பரீட்சைக்கே போகாம இருக்கறதை விடப் பெரிய நஷ்டமா முடியலாம். கேக்கறதுக்கு விசித்திரமா இருக்கும், ஆனா விதி அப்படித்தான். எங்க பள்ளிலயே ஒரு பையன் மஞ்சள் காமாலையோட, வீட்டுல "வருஷம் வீணாப் போகக் கூடாது"னு சொல்லி அனுப்ப, கண்ணு மஞ்சளா வந்து எழுதினான், கணக்குல 71, இயற்பியல்ல 80, வேதியியல்ல 76, கட்ஆஃப் 149. அவனோட காலாண்டு, திருப்புதல் தேர்வு மார்க்கை வச்சுப் பாத்தா 92, 88, 90 எடுக்கற பையன், அது 181 வரும். இந்த 32 வித்தியாசம்தான் அவனை அரசுக் கல்லூரில இருந்து எங்கயோ கொண்டு போய் விட்டுச்சு. உடம்பு ஜூன்லயே சரியாயிடுச்சு, மார்க்தான் சரியாகலை.

சிபிஎஸ்இ பசங்க யாராவது இதைப் படிச்சா உங்களுக்கு இது வேற, உங்க போர்டுல அடுத்த வருஷம் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம், வருகைலயும் 75 சதவீதத்துக்குக் கீழ போனா மருத்துவக் காரணத்துக்கு 25 சதவீதம் வரைக்கும் தளர்வு குடுக்கற வழி இருக்கு. தங்கச்சிக்கு அது பொருந்தாது.

சரி, அப்ப என்ன வழி இருக்கு. எல்லாத்தையும் மார்ச்லயே எழுதறது ஒண்ணு. நல்லா முடியற பாடத்தை மட்டும் மார்ச்ல எழுதிட்டு மத்ததை ஜூன், ஜூலைல வர்ற துணைத் தேர்வுல எழுதறது இன்னொண்ணு. இந்த வருஷத்தை விட்டுட்டு அடுத்த ஜூன்ல ப்ளஸ் டூவையே முதல்ல இருந்து படிக்கறது மூணாவது. ரெண்டாவது வழி கேக்க நல்லா இருக்கும், வருஷமும் போகாது, மார்க்கும் வரும்னு தோணும், ஆனா துணைத் தேர்வுல பாஸ் ஆனவங்களுக்கு இன்ஜினியரிங்ல தனியா துணைக் கலந்தாய்வுதான், அது முதன்மைச் சுற்று எல்லாம் முடிஞ்சு மிச்சம் கிடக்கற சீட்டுக்கு. நல்ல அரசுக் கல்லூரில நல்ல பிராஞ்ச் அதுவரைக்கும் காத்துட்டு இருக்காது. வேணும்னா அந்த மார்க்கை வச்சு அடுத்த வருஷம் முதன்மைக் கலந்தாய்வுக்கே போகலாம்தான், ஆனா அப்ப எப்படியும் ஒரு வருஷம் போகுது இல்லையா. கலை அறிவியல் போதும்னா இந்த வழி சரியா வரும்.

என் கருத்தைக் கேட்டா, 462 எடுத்த பொண்ணு, பாதி வருஷம் கிளாஸே பாக்கலை, அவளுக்கு நான் மூணாவது வழியைத்தான் சொல்வேன். இது விதி இல்லை, என் அபிப்ராயம். அவளுக்கு காலாண்டுத் தேர்வு பேப்பர் இருந்தா எடுத்துப் பாருங்க, எழுதின வரைக்கும் சரியா எழுதி பாதில நின்னுருக்காளா, இல்ல பாடமே தெரியாம விட்டுருக்காளான்னு. முதல் வகைன்னா மார்ச்ல எழுத வைக்கறதைப் பத்தி யோசிக்கலாம். ரெண்டாவது வகைன்னா நாலு மாசத்துல அஞ்சு மாசப் பாடத்தையும் சேத்துத் திணிக்கறது இந்த உடம்புக்கு வேண்டாத வேலை.

பாதில நிக்கறதுக்கு வேற காரணமும் இருக்கலாம், இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா இதை ஸ்கூல்ல யாரும் கவனிக்க மாட்டாங்க. ஏ.எல்.எல்.க்குக் குடுக்கற மருந்துல வின்கிரிஸ்டின்னு ஒண்ணு இருக்கு, அது நரம்பைத் தொடும், விரல் நுனி மரத்துப் போன மாதிரி, ஊசி குத்தற மாதிரி இருக்கும், பேனாவை அழுத்திப் பிடிக்கவே முடியாது. அப்புறம் முதுகுத் தண்டுல போடற ஊசி மருந்து, அதனால சில பிள்ளைகளுக்குப் படிச்சது நல்லாப் புரியும், ஆனா யோசிச்சு எடுத்து எழுதற வேகம் கொஞ்சம் குறையும். எல்லாருக்கும் வராது, வந்தாலும் நிறையப் பேருக்கு நாளாக நாளாகச் சரியாகும்னு டாக்டருங்க சொல்லிக் கேட்டிருக்கேன், உங்க தங்கச்சிக்கு எப்படின்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க, பழைய கணக்கு வினாத்தாளைக் குடுத்து மூணு மணி நேரம் ஒரே மூச்சுல எழுதச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் தாண்டினதும் கையெழுத்து சரியுதா, கையை உதறிக்கறாளான்னு பாருங்க. அப்படி இருந்தா சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் இந்தச் சலுகைக்கு தலைமையாசிரியர் மூலமா அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கணும். மருத்துவச் சான்றுல "இவருக்கு லுக்கீமியா"னு மட்டும் எழுதி வாங்கிட்டு வந்தா ஆபீஸ்ல இருக்கறவருக்கு அதுக்கும் எழுதறதுக்கும் என்ன சம்பந்தம்னு புரியாது, "மருந்தின் பக்கவிளைவால் கை விரல் நரம்பு பாதிக்கப்பட்டுள்ளது, தொடர்ந்து மூன்று மணி நேரம் எழுத இயலாது"னு வேலை என்ன முடியலைங்கறதை எழுதி வாங்குங்க. கிடைச்சே தீரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது, ஆனா சான்று தெளிவா இருந்து சீக்கிரமே போன விண்ணப்பம் தேங்கி நான் அதிகம் பாத்ததில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடிவந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு பத்தி யாரோ சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. 2016 சட்டத்துல 21 வகை இருக்கு, ரத்த சம்பந்தமானதுல ஹீமோஃபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூணுதான், புற்றுநோய் அந்தப் பட்டியல்ல இல்லை. அதனால நோய் பேரை வச்சு 5 சதவீத ஒதுக்கீடு கேக்க முடியாது. நோயோ சிகிச்சையோ நிரந்தரமா ஒரு குறையை விட்டுட்டுப் போயிருந்தா, எலும்புப் புற்றுநோய்ல காலை எடுத்த பிள்ளைங்க மாதிரி, அவங்களுக்கு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்று இருந்தா உண்டு. தங்கச்சிக்கு இதுக்காக அலைய வேண்டாம்.

அவளுக்கு நிஜமாவே கையில இருக்கற பெரிய சொத்து வேற, அது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 2020ல வந்துச்சு, இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் எல்லாத்துக்கும் 2021ல வந்துச்சு, இதுல சீட் கிடைச்சா ஃபீஸை அரசே கட்டும். நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல கோவைல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சேத்துடலாமானு யோசிக்கறோம், ஃபீஸ் குறைச்சுக்கறேன்னு சொல்றாங்க"ன்னு. தயவு செஞ்சு பண்ணாதீங்க. ப்ளஸ் டூ ஒரு வருஷம் மட்டும் தனியார் பள்ளின்னாலும் அந்த ஒதுக்கீடு போயிடும், அரசு உதவி பெறும் பள்ளி கூட இதுக்குக் கணக்குல வராது. மாசம் ஆயிரம் ரூபாய் வர்ற புதுமைப் பெண் திட்டத்துக்கும் தனியார் மெட்ரிக் போனா சிக்கல். கோவைக்கு மாறித்தான் ஆகணும்னா அங்க இருக்கற அரசு மேல்நிலைப் பள்ளிக்கு டிசி வாங்கி மாத்துங்க. நல்ல மனசோட குறைஞ்ச ஃபீஸ்ல சேத்துக்கறவங்களும் இருப்பாங்க, அவங்களைக் குறை சொல்லலை, அவங்களுக்கே இது தெரியாம இருக்கலாம்.

வருஷத்தை விடறதுன்னு முடிவு பண்ணினா எப்படி விடறதுங்கறதும் முக்கியம். சும்மா ஸ்கூலுக்குப் போகாம நின்னுட்டா இடைநிற்றல்னு பதிவாயிடும், அப்புறம் அதைச் சரி பண்ணறது தலைவலி. அப்பாவோ நீங்களோ நேர்ல போய், தேதி போட்டு, மருத்துவச் சான்றோட நீண்ட மருத்துவ விடுப்புன்னு தலைமையாசிரியர்கிட்ட எழுதிக் குடுத்து, ஒரு நகல்ல கையெழுத்தும் சீலும் வாங்கி வச்சுக்கங்க. இதை நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வுக்குப் பேர் ஏத்தற பட்டியல் போறதுக்கு முன்னாடி பண்ணணும். பேர் ஏறி, ஹால் டிக்கெட் வந்து, பரீட்சைக்குப் போகாம இருந்தா அவ கணக்குப்படி அரியர் வச்ச மாணவி, திரும்ப கிளாஸ்ல உக்கார வைக்கறதுல இழுபறி ஆகும். பேர் ஏறலைன்னா அடுத்த ஜூன்ல முதன்மைக் கல்வி அலுவலர் (சிஇஓ) அனுமதியோட அதே பள்ளில அதே கிளாஸ்ல ரெகுலரா உக்காரலாம்ங்கறது என் அனுபவம். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆபீஸ் நடைமுறை கொஞ்சம் மாறும், அதனால தலைமையாசிரியரை வச்சுட்டே சிஇஓ ஆபீஸ்ல வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல கேட்டுக்கங்க.

ரெகுலரா உக்காரணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பாடத்துலயும் பத்து மார்க் அகமதிப்பீடு, அதுல ரெண்டு மார்க் வருகைக்குன்னே இருக்கு. இந்த வருஷ வருகையை வச்சுப் பாத்தா அந்த ரெண்டு போச்சு. ரெண்டுதானேன்னு தோணும், கணக்குல 2, இயற்பியல்ல 1, வேதியியல்ல 1, கட்ஆஃப்ல நாலு குறையும். கவுன்சலிங்ல உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும், நாலு கட்ஆஃப்ங்கறது எத்தனை ஆயிரம் ரேங்க்குன்னு. செய்முறைத் தேர்வு 20 மார்க்கும் அப்படித்தான், லேப்ல நின்னு பண்ணின பொண்ணுக்கு அது அப்படியே வரும்.

ப்ளஸ் ஒன்ல விட்ட மூணு பேப்பருக்குப் பயப்படாதீங்க, ஆனா மறந்தும் போயிடாதீங்க. ப்ளஸ் ஒன் மார்க் கட்ஆஃப்ல சேராது, பாஸ் பண்ணியிருந்தா போதும். 2025-26 கல்வியாண்டுல இருந்து ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வே இல்லைன்னு அறிவிச்சுட்டாங்க, அதை வச்சு "அப்ப நம்மளதும் தள்ளுபடி"ன்னு சில பேர் நினைச்சுட்டு இருக்காங்க, ஏற்கனவே அரியர் இருக்கறவங்க எழுதி முடிச்சுத்தான் ஆகணும். வருஷத்தை விட்டா நடுவுல நிதானமா இதை முடிச்சுடலாம், அது ஒரு லாபம்.

ஒரு வருஷம் லேட்டானா என்ன ஆகும்னு கேட்டீங்க. இன்ஜினியரிங் கவுன்சலிங்ல ஒண்ணும் ஆகாது. சொல்லப் போனா கட்ஆஃப்பும் பாட மார்க்கும் எல்லாம் சமமா வந்தா வயசு கூடினவங்களுக்குத்தான் முன்னுரிமை, தமாஷா இருந்தாலும் உண்மை. நீட் எழுத உச்ச வயசு வரம்பு 2022ல எடுத்துட்டாங்க, எத்தனை தடவைன்னும் வரம்பு இல்லை. ஐஐடி கனவு இருந்தா மட்டும் ஒண்ணு பாக்கணும், ஜேஇஇ அட்வான்ஸ்ட் ப்ளஸ் டூ எழுதற வருஷமும் அடுத்த வருஷமும்தான், ப்ளஸ் டூ பரீட்சைக்கு முதல் தடவை உக்காந்ததுல இருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கும், அதனால முடியாம உக்காந்து எழுதறதை விட எழுதாம இருக்கறது அங்கயும் நல்லது. கேம்பஸ் இன்டர்வியூல சில ஐடி கம்பெனிகள் படிப்புல மொத்த இடைவெளி ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வைக்கறாங்க, ஒரு வருஷம் அதுக்குள்ள அடங்கிடும். காரணம் கேட்டா மருத்துவக் காரணம்னு ஒரு வரி, அவ்வளவுதான்.

மறைக்கணுமாங்கறதுக்கு வர்றேன். விண்ணப்பத்துல கேக்கவே இல்லாததைச் சொல்லாம இருக்கறது மறைக்கறது ஆகாது. சேரும்போது உடற்தகுதிச் சான்று கேப்பாங்க, அதை அவளைப் பாக்கற டாக்டர்கிட்டயே வாங்குங்க, தெரிஞ்ச கிளினிக்ல ஐம்பது ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கற வேலை வேண்டாம். நர்ஸிங்கும் மனசுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, மார்க்ல அது வரும், ஆனா வார்டுல நின்னு, ராத்திரி ஷிஃப்ட் பாத்து, தொற்று உள்ள நோயாளிகளோட இருக்கற படிப்பு, அவளுக்கு அது எப்ப சரியா வரும்னு டாக்டரைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க. சேந்ததுக்கு அப்புறம் துறைத் தலைவர், ஹாஸ்டல் வார்டன் இந்த ரெண்டு பேர்கிட்டயாவது கட்டாயம் சொல்லிடுங்க. ஏ.எல்.எல். சிகிச்சை, மாத்திரைக் கட்டத்தையும் சேத்து, மொத்தத்துல ரெண்டரை மூணு வருஷம்னு இழுக்கும், இந்த வருஷமே காலேஜ் சேந்தா முதல் வருஷம் முழுக்க மாத்திரையோடதான் ஓடும், ரூம்ல ஒருத்திக்கு அம்மை போட்டா இவளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை, ராத்திரி காய்ச்சல் அடிச்சா பாராசிட்டமால் குடுத்துப் படுக்க வைக்கறவங்க விஷயம் தெரிஞ்சா நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அண்ணா பல்கலை விதில வருகை 75 சதவீதம் வேணும், மருத்துவக் காரணம்னா 65 வரைக்கும் விடுவாங்க, அதுக்குக் கீழ போனா செமஸ்டர் போச்சு. ஒரு வருஷம் தள்ளிச் சேந்தா அந்த மாத்திரைக் காலத்துல பெரும்பகுதி வீட்டுச் சாப்பாட்டுலயே கழிஞ்சுடும். நான் மூணாவது வழியைச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

விதியெல்லாம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், அதனால அந்தந்த வருஷ கவுன்சலிங் கையேட்டை ஒரு தடவை முழுசாப் படிச்சுடுங்க, யூடியூப் வீடியோவை நம்பாதீங்க. அப்புறம் இன்னொண்ணு, இவ்வளவும் நான் உங்ககிட்ட சொல்றேன், நீங்க அப்பாகிட்ட சொல்வீங்க, தங்கச்சியைக் கேட்டீங்களா? கூடப் படிச்சவளுங்க எல்லாம் காலேஜ் போக, ஜூனியர் பிள்ளைங்களோட ஒரு வருஷம் உக்காரப் போறவ அவதான். சில பிள்ளைங்களுக்கு அதுவே தாங்காது, அப்படின்னா ரெண்டாவது வழியையும் ஒரு பி.எஸ்சி சீட்டையும் வச்சு வேற கணக்குப் போடலாம். அவகிட்டப் பேசிட்டு, விட்ட ப்ளஸ் ஒன் பேப்பர் எது எது, காலாண்டுல எதுல எவ்வளவுன்னு இங்கயே போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன். தலைமையாசிரியரை மட்டும் இந்த வாரமே பாத்துடுங்க, நாமினல் ரோல் வேலை ஆரம்பிச்சிருப்பாங்க.